உறைமோர் கேட்கும் நேரம்

ஒரு வரி, ஒரே ஒரு வரியை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியபோது வாயில் தயிர்சாதம் இருந்தது, விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை, டிபன்பாக்ஸை அப்படியே மூடி மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு லேப்டாப்பை இழுத்துக்கொண்டேன், விரலில் ஊறுகாய் எண்ணெய், அந்தக் கையாலேயே தட்டினேன், தகவல் கிடைத்தது வருகிறோம், தகவல் கிடைத்தது வருகிறோம், எவ்வளவு பண்பான வாக்கியம், நான்தான் எழுதினேன், எழுதும்போது முற்றுப்புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். என் தங்கை பிரமு அவள் போனில் நான் போட்டுக்கொடுத்த டார்ச் படத்தை அழுத்துவாள், தூத்துக்குடியில், அடுப்பங்கரையிலோ குளியலறையிலோ கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலோ, பார்க்கிறவர்களுக்கு அது வெறும் டார்ச், அழுத்தினால் வெளிச்சம்கூட வரும், ஆனால் அந்த அழுத்தல் காற்றில் ஏறிப் போய் மும்பைப் பக்கம் ஏதோ ஒரு கட்டடத்தில், யாருக்கோ சொந்தமான எந்திரத்தில், நான் போட்டுவைத்திருக்கும் சின்ன நிரலைத் தட்டி எழுப்பும், அது எழுந்து எனக்கு ஒரு செய்தி, பக்கத்து வீட்டு ரோஸ்லின் டீச்சருக்கு ஒரு செய்தி அனுப்பும், அதோடு நிற்காமல் அழுத்தியவளுக்கும் மரியாதையாக ஒரு பதில் போடும், தகவல் கிடைத்தது, வருகிறோம். அவள் போன் டிங் என்று சொல்லும். திரையில் வெளிச்சம் வரும். அந்த நேரத்தில் அந்தப் போன் யார் கையில் இருக்கும் என்று நேற்று எனக்குத் தோன்றவில்லை. தளவாய் எப்போதும் போனைப் பிடுங்கித்தான் ஆரம்பிப்பான், முதலில் போன், பிறகு முடி, பிறகு சுவர், அவள் புருஷனுக்கும் ஒரு வரிசை இருக்கிறது, என் நிரலுக்கு இருப்பதுபோல. அனுப்பியவருக்கு ஒரு பதில் சொல்லாமல் விடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பழக்கம், கிடைத்தது என்று சொல்லாத நிரலை நாங்கள் வளர்ப்பு சரியில்லாத பிள்ளையைப்போல் பார்ப்போம், அந்த நல்ல வளர்ப்பு இப்போது என் தங்கையின் தொண்டையில் கைவைக்கக் காத்திருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அந்த டிங் அவளுக்குக் கேட்கக்கூடச் செய்யாது, இடது காது போய்விட்டது, உள்ளங்கையைக் குவித்து அறைந்தால் செவிப்பறை காகிதம்போல் கிழியுமாம், டாக்டர் சொன்னார், பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் இப்படிக் கிழியாதே அம்மா என்றார், பிரமு பாத்ரூம்தான் சார் என்றாள், நான் பக்கத்தில் நின்று அவர் மேஜையில் இருந்த கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது என் கைக்கு எவ்வளவு சரியாக இருக்கும் என்று.

நிரல்களை வைத்திருக்கும் கன்சோல் கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன், போனுக்கு வந்த எண்ணைக் கேட்டது, கொடுத்தேன், உள்ளே போனால் பட்டியல் காலி. ஒன்றும் இல்லை. நிரல்கள் எதுவும் இல்லை, புதிதாக ஒன்றை உருவாக்க விருப்பமா என்று நீலப் பொத்தானோடு கேட்கிறது. அழித்துவிட்டேனா, நேற்று அழித்துவிட்டேனா, அவன் இப்போது வீட்டில் இருக்கிறான், மத்தியான ரயிலில் வந்திறங்கிவிட்டான், பிரமு செய்தி போட்டிருந்தாள், வந்துட்டாரு, குளிக்காரு, அவ்வளவுதான் எழுதியிருந்தாள், அப்புறம் வலது மூலையில் கண் போனது, ஊர் மாறிக் கிடக்கிறது, புதிதாக நுழைந்தால் இந்தக் கன்சோல் தன் இஷ்டத்துக்கு அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் கொண்டுபோய் நிறுத்தும், அங்கே என் நிரல் இல்லை, அங்கே பிரமு இல்லை, அங்கே யாரும் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து மீனில் உப்பில்லை என்று சொல்லப்போவதில்லை. மும்பையைத் தேர்ந்தெடுத்தேன். இருந்தது. அதன் பெயருக்கு நேரே ஒரு குறிப்பு, கடைசியாக மாற்றியது நேற்று. மூச்சு வந்தது. பெரியவர்கள் பேசித்தான் தளவாயை அவளோடு திரும்பச் சேர்த்துவைத்தார்கள், மதுரையில் அவன் போய்த் தங்கியிருந்த அண்ணன் வீட்டில், லட்டுத் தட்டு நடுவில் இருந்தது, அவன் தலையைக் குனிந்துகொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான், நாற்காலியில்கூட இல்லை, தரையில், எவ்வளவு பணிவு, இனிமே கை வைக்க மாட்டேன் என்று சொன்னபோது அவன் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எங்கள் சித்தப்பா, கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும் என்று ஏதோ சொன்னார், நான் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், குனிந்த பிடரி, முடி வெட்டி இரண்டு நாள் ஆகியிருக்கும், பச்சை நரம்பு, அங்கே ஒரே வெட்டு. ஒரே வெட்டில் விழாதாம், கசாப்புக்கடையில் பார்த்திருக்கிறேன், ஆட்டுக்கே இரண்டு மூன்று வேண்டியிருக்கிறது. லட்டு எடுத்துக்கோங்க மதினி என்று அவன்தான் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

"ஏனுங்க்கா, சாப்பிடாம அந்த ஸ்கிரீனையே மொறைச்சுட்டு இருக்கீங்க? அது திருப்பி மொறைக்காதுங்க்கா."

நஸ்ரின். பக்கத்து இருக்கை. அவள் கையில் காகிதத் தட்டுகளின் அடுக்கு.

"சம்பத்துக்குப் பொறந்தநாள். மீட்டிங் ரூமுக்கு வந்துருங்க. போன வருசம் மாதிரி கேக்கை மூஞ்சில பூச மாட்டோமுன்னு சத்தியம் பண்ணியிருக்கோம்."

"நீங்க போங்க. ரெண்டு நிமிஷம்."

"ஆபீஸ் வேலைங்களா, சொந்த வேலைங்களா?"

"சொந்த வேலை."

"அப்ப ரெண்டு நிமிஷத்துல முடியாதுங்க்கா," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

நிரலைத் திறந்தேன். கறுப்புப் பின்னணியில் வரிகள், நான் எழுதியவைதான், யார் வீட்டுப் பிள்ளையோபோல் என்னைப் பார்க்கின்றன. இதற்கு வீடு கிடையாது, நிரந்தரமாக ஓடிக்கொண்டிருக்கும் எந்திரம் கிடையாது, யாராவது கூப்பிட்டால் ஒரு கணத்தில் பிறக்கும், வேலையைச் செய்யும், செத்துப்போகும், அடுத்த முறை கூப்பிட்டால் முந்தின சாவு அதற்கு நினைவிருக்காது, அது ஒரு வரம், அம்மாவுக்கு அப்படி ஒன்று கிடைத்திருக்கலாம். அம்மா எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தாள், எந்தப் பண்டிகைக்கு எந்த விலா எலும்பு என்று. பாளையங்கோட்டையில் வரிசை வீடுகள், சுவர் ஒன்றுதான் நடுவில், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள், அப்பாவின் பெல்ட் ஒவ்வொரு முறை இறங்குவதும் வரிசை முழுக்கக் கேட்டிருக்கும், யாரும் சண்டைக்கு வந்ததில்லை, ஆனால் நாலாவதோ ஐந்தாவதோ அடிக்குப் பிறகு கதவு தட்டப்படும், சௌந்தரம் மாமி டம்ளரோடு நிற்பாள், உறைக்குக் கொஞ்சம் மோர் இருக்கா என்பாள். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் யார் பாலுக்கு உறை ஊற்றுவார்கள். அப்பாவுக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும், அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு போய் மோர் ஊற்றிக் கொண்டுவருவாள், டம்ளரின் வெளியே வழியும், மாமி அந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உடனே போக மாட்டாள், வாசலில் நின்று முருங்கைக்காய் விலை பேசுவாள், தண்ணீர் வராததைப் பேசுவாள், அப்பா பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போகும்வரை பேசுவாள். என்ன நடந்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கதவு அடுத்த முறை திறந்திருக்காது. மாமி போனபின் அம்மா அம்மியின் முன் உட்கார்ந்து மிளகாய் அரைப்பாள், அவ்வளவு மிளகாய்க்குக் குழம்பே வைக்க மாட்டாள், சும்மா அரைப்பாள், குழவி போய் வரும், போய் வரும், சிவந்த விழுது ஓரங்களில் பிதுங்கும், அதை நானும் பிரமுவும் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். அந்த அம்மி இப்போது பிரமு வீட்டில் இருக்கிறது, மிக்ஸி இருந்தாலும் அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கும் டீச்சருக்கும் வரும் செய்தியில் நான் ஆபத்து என்றோ உதவி என்றோ எழுதவில்லை, உறைமோர் வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன், யார் பார்த்தாலும் ஒன்றுமில்லாத இரண்டு சொல், டீச்சர் அதைப் பார்த்ததும் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் மணியை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். நேற்று போனில் பேசிக்கொண்டே நாங்கள் அதைச் சோதித்துப் பார்த்தபோது பிரமு சிரித்தாள், வருகிறோம்னு வந்துட்டு யக்கா, நீ வராட்டாலும் இது வருது பாரு என்றாள், பிறகு, யாரு அழுத்துனாலும் வருவாங்களா என்றாள், யாரு அழுத்துனாலும் என்றேன், எதுக்குன்னு கேக்க மாட்டாங்கள்லா என்றாள், கேக்க மாட்டாங்கட்டி, மணி அடிப்பாங்க, மோர் கேப்பாங்க, நிப்பாங்க, அவ்வளவுதான் என்றேன். சரி என்றாள். அந்தச் சரி என்னவோ போல் இருந்தது, நான் அதைத் தொடரவில்லை, சரி என்று சொல்பவளை யார் துருவுவார்கள்.

அந்த வரி இருபதாவது வரியோ என்னவோ, கண்டுபிடித்தேன், தேர்ந்தெடுத்தேன், நீலமாய் ஒளிர்ந்தது, அழித்தேன். போய்விட்டது. கொலை இவ்வளவு சுலபம், விரல் ஒன்று போதும், மேல் வரியும் கீழ் வரியும் ஒன்றையொன்று நெருங்கி நடுவில் எதுவும் இருந்ததில்லை என்பதுபோல் நின்றுகொண்டன. மீட்டிங் ரூமில் பாட ஆரம்பித்தார்கள், கைதட்டல், யாரோ ஊதுகிறார்கள், கத்தி எங்கடா கத்தி எங்கடா என்று ஒரு குரல், என் கை தானாகப் போய் டெஸ்ட் பொத்தானை அழுத்தியது, எழுதினால் சோதிக்க வேண்டும், அது பழக்கம், எழுது சோதி எழுது சோதி, மூளை வேண்டியதில்லை. பச்சையாக ஒரு பட்டை வந்தது, வெற்றி என்றது. என் போன் மேஜையில் துடித்தது, உறைமோர் வேண்டும். நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன், ஒரு நொடி முழுவதும் அப்படி நினைத்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தேன், பிறகு கீழே, நிரல் செய்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாக்கில் கண் போனது, அங்கே கடைசி வரியில் எழுதியிருந்தது, பதில் அனுப்பப்பட்டது. எந்தப் பதில். நான்தான் அதை அழித்துவிட்டேனே. அப்போதுதான் நிரலின் தலைக்கு மேல் இருந்த சின்ன எழுத்துகளைப் பார்த்தேன், மாற்றங்கள் இன்னும் டிப்ளாய் செய்யப்படவில்லை. திரையில் அழிப்பது அழிப்பது அல்ல, டிப்ளாய் பொத்தானை அழுத்தினால்தான் புதியது அங்கே போய் உட்காரும், அதுவரை பழையதுதான் உயிரோடு இருக்கும், இந்த வேலையில் எல்லோரும் ஒருநாள் செய்கிற தப்பு இது, டெஸ்ட்டும் டிப்ளாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இரட்டைக் குழந்தைகள்போல், நான் பழையதை எழுப்பிவிட்டேன். சோதனைக்கென்று நேற்று நான் நிரப்பிவைத்த தகவலில் டீச்சரை வீணாக ஓடவிட வேண்டாம் என்று அவர் எண்ணைச் சேர்க்காமல் விட்டிருந்தேன், ஆனால் அனுப்பியவரின் எண் என்ற இடத்தில் பிரமுவின் எண் அப்படியே இருந்தது. தகவல் கிடைத்தது. வருகிறோம். போய்விட்டது. கூப்பிட்டு வாங்க முடியாது. எறிந்த கல்லின் பின்னால் ஓடிப்போய் அதைப் பிடிக்க முடியாது, அது இப்போது அவள் வீட்டுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருக்கிறது, சாப்பாட்டு மேஜையில் போன் டிங் என்கிறது, அவன் சோற்றுக்கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு இடது கையை நீட்டுகிறான். பிரமுவை அழைக்கலாமா, அழைத்தால் இன்னும் மோசம், அழைக்காவிட்டால் இன்னும் மோசம், நகத்தைக் கடித்தேன், சதையோடு வந்தது, ரத்தம் ஊறுகாய் எண்ணெயில் பட்டு எரிந்தது. போன் ஒலித்தது. பிரமு என்று பெயர் வந்தது. எடுத்தேன்.

"மதினி, எப்படி இருக்கிய?"

தளவாய். குரலில் சோறு இருந்தது, மெல்லுகிறான்.

"நல்லா இருக்கேன். வந்து சேந்துட்டீங்களா?"

"வந்தாச்சு, குளிச்சாச்சு. ஒங்க தங்கச்சி சாளை மீன் கொழம்பு வச்சிருக்கா. வெளுத்துக் கட்டுதேன். மதினிக்கு என்ன, கம்ப்யூட்டர்தான் புருசன். அது அடிக்காது. ஆனா அணைக்கவும் செய்யாதுல்லா."

தன் சிரிப்பை முதலில் தானே கேட்டு ரசிப்பவன் அவன்.

"என்ன விஷயம், சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. இவ போனுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. தகவல் கிடைத்தது, வருகிறோம்னு. யாரு மதினி வாரது? ஆளு எத்தனைன்னு தெரிஞ்சா கோழியாவது எடுப்பேன்லா."

"எனக்கெப்படித் தெரியும்? கேஸ் சிலிண்டர் பதிஞ்சிருப்பா. அவங்க அனுப்புவாங்க."

"கேஸ்காரனா." மென்றான். "கேஸ்காரன் வாரேன்னு சொல்லி என்னைக்கு மதினி வந்திருக்கான்?"

நானும் சிரித்தேன். அதுதான் பயங்கரம், என்னால் அப்போது சிரிக்க முடிந்தது.

"பிரமுகிட்ட குடுங்க."

"அவ பேச மாட்டா, வாயில சோறு. ஏளா, வாயில சோறுதான? ஆமாங்கா. வைக்கேன் மதினி. சாப்பிட்டு ஒரு தூக்கம் போடணும். ராத்திரி பூரா ஒங்க சித்தப்பா போன்ல புத்தி சொன்னாரு."

வைத்துவிட்டான். அவள் ஆமாம் என்றதாக அவன்தான் சொன்னான், அவள் சத்தம் எதுவும் வரவில்லை, ஒரு பாத்திரம் நகரும் சத்தம்கூட வரவில்லை, அவள் அங்கே எப்படி நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும், அம்மா நின்ற மாதிரியே, தோள்களை உள்ளே வாங்கிக்கொண்டு, அடி எங்கே விழுந்தாலும் எலும்பில் படாதபடி உடம்பைச் சின்னதாக்கிக்கொண்டு. டிப்ளாயை அழுத்தினேன். இப்போது அழுத்தி என்ன. சுழன்றது, சுழன்றது, இவ்வளவு சின்ன நிரலுக்கு ஏன் இப்படிச் சுழல்கிறது, பிறகு பச்சைப் பட்டை, புதுப்பிக்கப்பட்டது என்றது. சோதனைத் தகவலிலிருந்து பிரமுவின் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டேன், டெஸ்ட் அழுத்தினேன், உறைமோர் வேண்டும் மட்டும் வந்தது, வருகிறோம் வரவில்லை, செத்துவிட்டது, இந்த முறை நிஜமாகவே. இனி அவள் அழுத்தினால் அந்தப் பக்கம் எதுவும் ஒளிராது. அவள் இனி அழுத்தும் நிலையில் இருக்க வேண்டுமே. லாக் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு புதுப்பித்தேன், ஒன்றுமில்லை, புதுப்பித்தேன், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றால் அவன் தூங்கிவிட்டான் என்றும் இருக்கலாம், ஒன்றுமில்லை என்றால் அவள் தலை சுவரில் இருக்கிறது கை எட்டவில்லை என்றும் இருக்கலாம், வெள்ளைப் பக்கம் இரண்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளை. டீச்சரை நானே கூப்பிட்டு அனுப்பலாம், மோர் கேட்டுப் போகச் சொல்லலாம், ஆனால் வருகிறோம் என்று ஒரு செய்தி வந்த கையோடு பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றால் அவனுக்கு அது போதும், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, டம்ளர் போனபிறகு கதவைச் சாத்தினால் அந்தக் கதவு மறுபடி எப்போது திறக்கும், போகச் சொல்லலாமா வேண்டாமா, போனை எடுத்தேன், வைத்தேன். நான் அவனைக் கொன்றேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கொன்றேன், மீன் குழம்புச் சட்டியைத் தலையில் கவிழ்த்து, கொதிக்கிறதை, தோல் உரிவதைப் பார்த்தேன், போதவில்லை, மொட்டைமாடியிலிருந்து தள்ளினேன், அவன் கீழே கிடந்த சைக்கிள்கள்மேல் விழுந்தான், போதவில்லை, உப்பளத்தில் கால்களைக் கட்டி முகம் குப்புறப் போட்டேன், உப்பு கண்ணுக்குள் போனது, எழுந்து வந்து மதினி லட்டு எடுத்துக்கோங்க என்றான். எத்தனை முறை கொன்றாலும் சாப்பிட்டுக்கொண்டே எழுந்து வருகிறான். அப்பாவும் அப்படித்தான், கடைசியில் படுக்கையில் கிடந்தபோது அம்மா அவர் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், எனக்கு அந்தத் துணியை அவர் தொண்டைக்குள் தள்ள வேண்டும்போல் இருந்தது, அவரோ நல்ல பிள்ளைகளம்மா என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் செத்துப்போனார். புதுப்பித்தேன். ஒன்றுமில்லை.

நஸ்ரின் கேக் கொண்டுவந்தாள், காகிதத் தட்டில் ஒரு துண்டு, அதோடு மறந்துபோய் அந்தப் பிளாஸ்டிக் கத்தியும், அதில் சிவப்பு ஜெல். "முகமெல்லாம் வெளுத்துக் கெடக்குதுங்க்கா. காய்ச்சலுங்களா?" என்று நெற்றியைத் தொட்டாள். அவள் பின்னால் சம்பத் மூக்கில் கிரீமோடு நின்றான், சத்தியத்தை மீறிவிட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள், முகத்தை அமுக்கிப் பிடித்துப் பூசுவது, அவன் திமிறுவது, கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுப்பது, இதெல்லாம் பிரியம். சாப்பிடுறேன் என்றேன். போய்விட்டாள். கத்தியை எடுத்துக் கேக்கில் இறக்கினேன், அது மெத்தென்று இறங்கியது, எதிர்ப்பே இல்லை, எல்லாம் இப்படி இறங்கினால் உலகத்தில் யார் மிச்சமிருப்பார்கள், புதுப்பித்தேன், கிரீம் இளகும்வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன்.

இருந்தது.

ஒரு வரி, தொடக்கம் என்று ஒரு வரி, அதன் கீழே இன்னொன்று, அனுப்பியவர் பிரமுவின் எண், அதற்குள் என் போன் துடித்துவிட்டது, உறைமோர் வேண்டும், நான் எழுந்து நின்றுவிட்டேன், நாற்காலி பின்னால் போய் இடித்தது, முடிவு என்று ஒரு வரி, பதில் எதுவும் போகவில்லை. அது பிறந்து வேலையைச் செய்து செத்துவிட்டது. டீச்சர் போனிலும் வந்திருக்கும். டீச்சர் இப்போது கண்ணாடியைத் தேடுவார், படிப்பார், டம்ளரை எடுப்பார், அவருக்கு முழங்கால் வலி, எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடிக்க வேண்டும், இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு நடைதான், அந்த நடையில் எத்தனை அடி விழும். அவன் கை உயர்கிறது. டீச்சர் செருப்பைப் போடுகிறார், செருப்பு எதற்கு டீச்சர், வெறுங்காலோடு போங்கள். அவன் கை இறங்குகிறது. டீச்சர் மணியைத் தொடுகிறார். என் காதில் அந்த மணி கேட்டது, சத்தியமாகக் கேட்டது, அது ஆபீஸின் மைக்ரோவேவ். நான் அங்கிருந்து எவ்வளவோ தூரத்தில் குளிர்ந்த அறையில் பிளாஸ்டிக் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நான் செய்துவைத்தது அங்கே போய்விட்டது, நான் போகவில்லை, நீ வராட்டாலும் இது வருது பாரு. நிற்க முடியாமல் உட்கார்ந்தேன், உட்கார முடியாமல் நின்றேன், போன் வந்தது, டீச்சர், கத்தியைக் கேக்கில் செருகிவிட்டு எடுத்தேன்.

"வடிவு, ரோஸ்லின் பேசுதேன். பதறாத."

"டீச்சர், அவ—"

"என் வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். கேளு. மணி அடிச்சேன், தொறக்கல. மறுபடி அடிச்சேன். அவதான் தொறந்தா. டம்ளர நீட்டி, உறைமோர் இருக்கான்னு கேட்டேன், நீ சொன்ன மாதிரியே." டீச்சர் மூச்சு வாங்கினார். "அவ கையில அம்மிக்குழவி, வடிவு."

"அவன் எங்க?"

"கட்டில்ல. கொறட்டை வாசல் வரைக்கும் கேக்குது. தின்னுட்டு மல்லாந்து கெடக்கான். அவன் மேல ஒரு கீறல் இல்ல."

"அவ மேல?"

"கன்னம் வீங்கியிருக்கு. உதடு கிழிஞ்சிருக்கு. சாப்பாட்டு நேரத்துல போல. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல, டிவிய பெருசா வச்சிருந்திருக்கான். குழவிய என் கையில குடுத்து, இத நீங்க வச்சுக்கிடுங்க டீச்சர்னா. இங்கன மேசை மேல வச்சிருக்கேன், என்னால அதப் பாக்க முடியல. இரு, அவகிட்ட குடுக்கேன்."

போன் கைமாறியது. வலது காதுக்கு மாற்றிக்கொள்ளும் உரசல் கேட்டது.

"யக்கா."

"பிரமு. அவன் அடிக்கையில ஏன்ட்டி அழுத்தல?"

"அப்ப தோணல. அது எப்பவும் உள்ளதுதான." உதடு கிழிந்ததால் சொற்கள் வழுக்கின. "அவரு தூங்குனப்பறம் பாத்திரம் கழுவிட்டு வந்தேன். பாத்தேன். வாயத் தொறந்துகிட்டு கெடந்தாரு. கை தன்னால போயி குழவிய எடுத்துட்டு. தலமாட்டுல போயி நிக்கேன். தூக்கிட்டேன் யக்கா. இன்னொரு கையில போன் இருந்துச்சு."

எனக்குள் ஒன்று, அதை என்ன பெயர் சொல்லி அழைப்பது, அந்தக் குழவி இறங்கியிருக்கலாம் என்றது. தெளிவாகச் சொன்னது. இவ்வளவு நேரம் நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்ததை அவள் தலைமாட்டில் நின்று செய்யவிருந்தாள், நான் எழுதிய ஏற்பாடு ஓடிப்போய் அவனைக் காப்பாற்றியிருக்கிறது, அவனை, அந்த வாய் திறந்த தூக்கத்தை.

"எதுக்குட்டி அழுத்துன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எதுக்குன்னு கேக்க மாட்டாங்கன்னு சொன்னியே யக்கா," என்றாள். "இப்ப நீயே கேக்க."

அந்தப் பக்கம் டீச்சர் அவளுக்குத் தண்ணீர் நீட்டும் சத்தம், டம்ளர் பல்லில் மோதும் சத்தம், அதே டம்ளராகத்தான் இருக்கும், மோர் வாங்கப் போன டம்ளர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சௌந்தரம் மாமி வாசலில் நின்று முருங்கைக்காய் விலை பேசியது அம்மாவுக்காக மட்டும்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அம்மா அரைத்த மிளகாயை, குழவியைப் பிடித்த அந்தக் கையை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

"கேக்கல," என்றேன். "கேக்கல தாயி. அங்கனயே இரு. திரும்பிப் போகாத. டீச்சர்கிட்ட கதவத் தாப்பா போடச் சொல்லு. நான் இப்பவே கெளம்புதேன்."

"போன் உள்ளயே கெடக்கு. செருப்பும் கெடக்கு."

"கெடக்கட்டும்."

வைத்தேன். லேப்டாப்பை மூடப் போனேன், பேருந்து எப்போது, விடுப்பு யாரிடம் சொல்வது, நஸ்ரினிடம் சொன்னால் போதும், கை மூடியின்மேல் இருந்தது, போன் துடித்தது. உறைமோர் வேண்டும். பிரமுவின் எண்ணிலிருந்து. பிரமு டீச்சர் வீட்டில் இருக்கிறாள், போன் அந்த வீட்டில் இருக்கிறது. மறுபடி துடித்தது. உறைமோர் வேண்டும். அவன் விழித்துவிட்டான், ஏளா என்று கூப்பிட்டிருப்பான், பதில் வந்திருக்காது, அடுப்பங்கரையில் பார்த்திருப்பான், அம்மியில் குழவி இல்லாததைப் பார்த்தானோ இல்லையோ, போனை எடுத்திருக்கிறான், வாசலில் செருப்பு கிடக்கிறது ஆள் இல்லை, வருகிறோம் என்று யாரோ சொன்னார்களே, அவர்களைத் தேடி அதில் இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறான், டார்ச்சையும். பட்டப்பகலில் அந்த வீட்டுக்குள் ஒரு வெளிச்சம் எரிந்து அணைந்து எரிகிறது. டீச்சர் கூப்பிட்டார், குரலைத் தாழ்த்தி, "வடிவு, மறுபடி மறுபடி வருது. இவ என் பக்கத்துலதான் இருக்கா. நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் டீச்சர். தாப்பா போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்ப சும்மா இருங்க."

லாக் பக்கத்தில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின, தொடக்கம் முடிவு, தொடக்கம் முடிவு, என் நிரல் அவனுக்காகவும் ஒவ்வொரு முறையும் எழுந்தது, யார் என்று பார்க்கவில்லை, எதற்கு என்று கேட்கவில்லை, எனக்கும் டீச்சருக்கும் நேர்மையாகச் சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் செத்தது. அவன் கையில் இருந்த போனுக்கு மட்டும் எந்தப் பதிலும் போகவில்லை. நான் அழித்த வரி அங்கே இல்லை. அவன் அழுத்தினான், நின்றான், அழுத்தினான். கேக்கில் செருகியிருந்த கத்தி மெதுவாகச் சாய்ந்து விழுந்தது. போனை மேஜைமேல் துடிக்க விட்டுவிட்டு, ரத்தமும் ஊறுகாய் எண்ணெயும் காய்ந்திருந்த கையைக் கழுவ எழுந்து போனேன்.